துப்பறிவாளர் சொல்லித்தந்த இத்தாலியன்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஆங்கில ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆங்கில வகுப்பில் கேட்டல் திறன்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அதை இத்தாலிய மொழியின் வழியாகப் பேசலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள், பிறகு சரி என்றார்கள். ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியன் எதற்கு என்று உங்களுக்கும் தோன்றும். அதற்கு வருமுன், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பை முடிக்கும்போது பத்து ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அப்படிப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய என் மாணவி ஒருத்தி, கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம் பள்ளிக்கு வந்திருந்தாள். "புத்தகத்துல இருந்தா புரியுது டீச்சர். அவங்க பேசினா ஒரே சத்தமாத்தான் கேக்குது" என்றாள். படிப்பை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதாகவும் சொன்னாள். விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் சொன்ன "ஒரே சத்தம்" என்ற சொல் என்னோடு தங்கிவிட்டது.

அவள் சொன்னது மிகச் சரியான விளக்கம். எழுத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பேச்சில் அந்த இடைவெளி கிடையாது. ஆங்கிலத்தில் "வாட் டிட் யூ டூ" என்று நாம் கரும்பலகையில் நான்கு சொல்லாக எழுதுகிறோம். பேசுகிறவர் வாயில் அது "வாட்டிஜு டூ" என்று வருகிறது. ராஜபாளையத்திலிருந்து புறப்படும் பேருந்தில் நடத்துநர் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நமக்குப் புரிகிறது. வெளியூர்க்காரருக்கு அது ஒரே சத்தம். சத்தத்தைச் சொற்களாக வெட்டிக் கொடுக்கும் வேலையைக் காது செய்ய வேண்டும். அந்தப் பயிற்சியை நாம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்? பாடநூலில் கேட்டல் பகுதி இருக்கிறது. ஆனால் எழுத்துத் தேர்வு கண்ணையும் கையையும்தான் சோதிக்கிறது. அதனால் நேரம் குறையும்போது முதலில் விடுபடுவது அந்தப் பகுதிதான்.

இப்போது இத்தாலியனுக்கு வருகிறேன். தமிழ்ப் பாடத்தில் வீரமாமுனிவரைப் படித்துவிட்டு வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அவரு தமிழ் கத்துக்கிட்டப்ப சதுரகராதியே இல்லையே டீச்சர், எப்படிக் கத்துக்கிட்டாரு?" என்று என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர், முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்தவர், நமக்குப் பக்கத்துக் கோவில்பட்டி வட்டாரத்தின் காமநாயக்கன்பட்டியிலும் பணி செய்தவர். சதுரகராதியைத் தொகுத்தவரே அவர்தான். அதற்கு முன் அவருடைய காதுக்கும் தமிழ் ஒரே சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அன்று இரவு ஒரு முடிவு செய்தேன். அவருடைய தாய்மொழியை, ஓர் எழுத்துகூடத் தெரியாத நிலையிலிருந்து, காது வழியாகக் கற்றுப் பார்ப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் பேச்சைக் கேட்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியும் அல்லவா? உறவினர் ஒருவர் ஓர் இத்தாலியத் தொலைக்காட்சித் தொடரின் குறுந்தகடுகளை அனுப்பிக் கொடுத்தார். "இன்ஸ்பெக்டர் மோன்டல்பானோ" என்ற துப்பறியும் தொடர். ஆந்த்ரேயா கமில்லேரி என்ற எழுத்தாளரின் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டது. 1999 முதல் 2021 வரை இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான 'ராய்' ஒளிபரப்பியது. சிசிலித் தீவில் நடக்கும் கதை. லூகா ஜிங்காரெட்டி என்ற நடிகர் அந்தக் காவல் அதிகாரியாக நடித்தார்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆங்கில சப்டைட்டில் போடக் கூடாது. இத்தாலியப் பேச்சு, கீழே இத்தாலிய எழுத்து, அவ்வளவுதான். சமையல் முடித்த பிறகு தினம் அரை மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் என் மாணவி சொன்ன அதே சத்தம்தான். முகம் புரிந்தது, கோபம் புரிந்தது, கடல் தெரிந்தது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு சொல் பிரிந்து வந்தது. தொலைபேசி மணி அடித்தால் எடுப்பவர் "ப்ரோந்தோ" என்கிறார். "தயார்" என்பது அதன் நேர்ப்பொருள். நாம் "ஹலோ" என்று சொல்லும் இடத்தில் அவர்கள் அதைச் சொல்கிறார்கள். அடுத்து "தொத்தோரே". காவல் நிலையத்தில் எல்லோரும் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவர் என்று நினைத்தேன். பட்டம் பெற்றவருக்கான மரியாதைச் சொல் என்று பிறகு தெரிந்தது. நாம் "சார்" என்பதுபோல. இரண்டு சொல் கிடைத்ததும், அவற்றுக்கு முன்னும் பின்னும் வருகிற சத்தம் சற்றுச் சிறியதாகிவிட்டது. சணல் சிக்கலில் இரண்டு நுனி கிடைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பறியும் கதை மொழி கற்பவருக்கு ஏன் உதவுகிறது என்பதை அங்கேதான் கண்டேன். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, துப்பறிவாளரின் வேலையே கேள்வி கேட்பது. யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி. இத்தாலியனில் கி, தோவே, க்வாந்தோ, பெர்கே, கோமே. ஒரு காட்சிக்குள் இவை பலமுறை வந்துவிடும். எந்த மொழியிலும் பிழைப்பதற்கு முதலில் வேண்டிய சொற்கள் இவைதான்.

இரண்டாவது, விசாரணை முழுவதும் நடந்து முடிந்ததைப் பற்றியது. "நேற்று இரவு எங்கே இருந்தீர்கள்? என்ன செய்தீர்கள்? அவர் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" நாம் ஒன்பதாம் வகுப்பில் இறந்தகாலத்துக்கும் இறந்தகாலத் தொடர்வினைக்கும் அட்டவணை போட்டுப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அங்கே அந்த வேறுபாட்டில்தான் குற்றவாளி மாட்டுகிறான். "செய்தேன்" என்றானா, "செய்துகொண்டிருந்தேன்" என்றானா என்பதைக் கவனிக்காவிட்டால் கதை புரியாது. இலக்கணத்தைக் கவனிக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது, ஒரே செய்தி பல வாயிலிருந்து வருகிறது. பிணத்தைப் பார்த்தவர் சொல்கிறார். காவலர் அதை அதிகாரியிடம் சொல்கிறார். அதிகாரி மேலதிகாரியிடம் சொல்கிறார். முதல்முறை தவறவிட்ட சொல் மூன்றாம் முறை காதில் விழுகிறது. நாம் வகுப்பில் "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்றால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். கதை திரும்பச் சொன்னால் அலுப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள். அந்த மாற்றத்தில்தான் துப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மொழி கற்க வெறுங்கையோடு வருவதில்லை. இத்தாலியனில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். "காஸா" என்றால் வீடு, "காஸ்ஸா" என்றால் பெட்டி. "நோனோ" என்றால் ஒன்பதாவது, "நோன்னோ" என்றால் தாத்தா. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுப் பிரிக்கத் திணறுவார்கள். புளியும் புள்ளியும், கனமும் கன்னமும் வேறு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் இல்லாததால் ஆங்கிலேயர் மெனக்கெட்டுக் கற்க வேண்டியது, எனக்கு முதல் காட்சியிலேயே புரிந்தது. அந்த அதிகாரி தன்னை அறிமுகப்படுத்தும்போது பெயரை முதலில் சொல்லி, வினையைக் கடைசியில் வைப்பார். பொதுவான இத்தாலியனில் வினை முன்னால் வரும். சிசிலியர் பேச்சில் இப்படிப் பின்னுக்குத் தள்ளுவது வழக்கம். வினையைக் கடைசியில் வைப்பது நமக்கு வீட்டுப் பழக்கம்.

என் வீட்டில் தெலுங்கும் பேசுவோம். ராஜபாளையத்தில் அப்படிப் பல வீடுகள். சொற்கள் உயிரெழுத்தில் முடிவதால் தெலுங்கைக் கிழக்கின் இத்தாலியன் என்று சொல்வதுண்டு. அம்மாவிடம் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளிப் புத்தகத்தில் இன்னொரு நடை என்று வளர்ந்த எனக்கு அந்தத் தொடரின் பேச்சு அந்நியமாகப் படவில்லை. அதிலும் மேலதிகாரியிடம் பேசும்போது புத்தக இத்தாலியன். மீனவரிடம் பேசும்போது சிசிலியப் பேச்சு. கதரெல்லா என்ற காவலர் இரண்டையும் கலந்து, பெயர்களையெல்லாம் உருட்டிப் பேசுவார், எல்லோரும் சிரிப்பார்கள். வீரமாமுனிவரும் இதைத்தான் தமிழில் கண்டுகொண்டார். பேச்சுவழக்கான கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியாக இலத்தீனில் எழுதினார். புத்தக மொழி வேறு, பேச்சு மொழி வேறு, இரண்டையும் கற்க வேண்டும் என்று மூன்று நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கண்டிருக்கிறார். ஆங்கிலத்துக்கும் அது பொருந்தும்.

அதே மொழியில் சப்டைட்டில் என்ற விதியை ஏன் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி என்ற பேராசிரியரைப் பற்றிப் படித்திருந்தேன். 1996இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது அவர் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தார். நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்தார். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அது ஸ்பானிய எழுத்தாகவே இருந்தால் மொழியை இன்னும் நன்றாகப் பிடித்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையை அவர் நம் நாட்டின் எழுத்தறிவுக்குக் கொண்டுவந்தார். திரைப்பாட்டு ஓடும்போது அதே பாட்டின் வரி அதே மொழியில் கீழே ஓடட்டும், அரைகுறையாக எழுத்துக் கூட்டுபவர்கள் பாட்டோடு சேர்ந்து படித்துவிடுவார்கள் என்றார். 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனில் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியிலும், 2002இல் சித்ரஹாரிலும் அது நடைமுறைக்கு வந்தது.

அவர் எழுத்தைக் கற்பிக்க ஒலியைத் துணையாக வைத்தார். காதைப் பழக்க எழுத்தைத் துணையாக வைக்கலாமா? அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் ஆகிய இருவரும் செய்து 2009இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்த டச்சு மாணவர்களுக்கு, அவர்கள் கேட்டுப் பழகாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புள்ள காட்சிகளை 25 நிமிடம் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில எழுத்தோடு, சிலருக்கு டச்சு எழுத்தோடு, சிலருக்கு எழுத்தே இல்லாமல். பிறகு அதே பேச்சாளர்களின் புதிய வாக்கியங்களைக் கேட்கச் சொன்னார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் நன்றாகப் பிடித்தார்கள். தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்கள், எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். காரணம் எளிது. கீழே தாய்மொழி ஓடினால் கண் கதையைப் படித்துவிடுகிறது, காது ஓய்வெடுத்துக்கொள்கிறது. கீழே அதே மொழி ஓடினால், இந்தச் சத்தம்தான் இந்தச் சொல் என்று கண் காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இது தொலைக்காட்சி வந்த பிறகு கண்டுபிடித்ததும் இல்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1822இல் லண்டனில் அச்சிட்டார். தமிழ்க் கதை, ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், இவற்றோடு முதல் கதையைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும் விளக்கமும் அதில் உண்டு. குதிரை முட்டையை நம்பிய குருவும் சீடர்களும் அடுத்து என்ன கூத்து அடிப்பார்கள் என்ற ஆவலில், தமிழ் கற்க வந்தவர்களை இழுத்துச் செல்லும் ஏற்பாடு அது. கதையின் ஆவல், பக்கத்திலேயே சொல் உதவி. குறுந்தகட்டில் எனக்குக் கிடைத்ததும் அதுவே.

இத்தாலியர்களே இத்தாலியனைத் தொலைக்காட்சியில் கற்றவர்கள் என்ற செய்தி, இடையில் எனக்குத் தெரியவந்தது. 1861இல் இத்தாலி ஒரே நாடாக ஆனபோது பொது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோவின் மதிப்பீடு. மற்றவர்களுக்கு அவரவர் வட்டாரப் பேச்சு. 1954 ஜனவரியில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோதும் வீட்டில் வட்டாரப் பேச்சே பேசியவர்கள் மிகப் பலர். 1960 நவம்பரில் கல்வி அமைச்சகமும் ராய் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கின. "காலம் கடந்துவிடவில்லை" என்ற பொருளில் அதற்குப் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பு. நடத்தியவர் ஆல்பெர்ட்டோ மான்சி, ரோம் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்துகொண்டே பேசுவார். என்ன படமாக ஆகப்போகிறது என்று பார்ப்பவர்கள் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புக்குள் சொல்லையும் எழுத்தையும் சொல்லிக்கொடுத்துவிடுவார். 1968 வரை நடந்த அந்த நிகழ்ச்சியால் ஏறத்தாழ 15 லட்சம் பேர் தொடக்கக் கல்விச் சான்றிதழ் பெற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல ஊர்களில் மக்கள் ஒரு கூடத்தில் கூடி அதைப் பார்த்தார்கள். அங்கே ஓர் ஆசிரியரும் இருந்தார். திரை பேசி முடித்ததும் அவர் தொடர்ந்தார்.

அந்த ஆசிரியர் எவ்வளவு தேவை என்பது எனக்கு இதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் விளங்கியது. ஒன்றரை ஆண்டு தொடர் பார்த்திருந்த சமயம். ஆண்டாள் கோயிலுக்கு வந்தவள், திரும்பும்போது பால்கோவா வாங்க நின்றேன். பக்கத்தில் வயதான வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மா கணவரிடம், இது எதனால் செய்தது என்று கேட்டார். அவர் தெரியவில்லை என்றார். இரண்டும் எனக்குப் புரிந்தன! "லாத்தே, ட்ஸூக்கெரோ" என்றேன். பால், சர்க்கரை. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு அந்த அம்மா மடமடவென்று கேட்கத் தொடங்கினார். எங்கே கற்றீர்கள், இத்தாலிக்கு வந்திருக்கிறீர்களா, பிள்ளைகள் உண்டா. ஒவ்வொரு கேள்வியும் தெளிவாகக் காதில் விழுந்தது. சொல் சொல்லாகப் பிரிந்து விழுந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் ஒற்றைச் சொல்தான் வந்தது, வாக்கியம் வரவில்லை. ஒன்றரை ஆண்டில் அந்த மொழியில் என்னிடம் கேள்வி கேட்டவர் யாருமில்லையே. தொலைக்காட்சி பேசும். நாம் பதில் சொல்லும்வரை அது காத்திருக்காது. காத்திருப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

2019 ஆகஸ்டில் நம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீட்டுக்குப் போக அது ஒரு வழியாக இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் கைப்பேசியில் பேசியவர்களுக்குத் தெரியும், "பாத்தியா?" என்றால் "பாத்தேன்" என்பார்கள். "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுத் தொடர்ந்து பேசிய ஆசிரியரின் பிள்ளைகளிடம்தான் பாடம் தங்கியது.

இனி வகுப்பறை. நான் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மோன்டல்பானோவை வகுப்பில் போட முடியாது. அதில் கொலையும் பெரியவர்களுக்கான விஷயங்களும் இருக்கின்றன. சிறுவர்களுக்கான, தெளிவான உச்சரிப்புள்ள ஆங்கிலக் கதையைத் தேர்ந்தெடுக்கிறேன். ஏதாவது காணாமல் போக வேண்டும், அல்லது யாரோ ஒளிந்திருக்க வேண்டும். அடுத்து என்ன என்ற கேள்வி இல்லாத காட்சி பயன்படாது. நீளம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

முதல்முறை எழுத்து இல்லாமல் ஓட்டுகிறேன். என்ன நடந்தது என்று பிள்ளைகள் தமிழிலேயே சொல்லட்டும். முகத்தையும் செயலையும் வைத்து ஊகித்ததைச் சொல்வார்கள், அது போதும். இரண்டாம்முறை ஆங்கில எழுத்தோடு. யாருடைய ஊகம் சரி என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம்முறை ஐந்தே வாக்கியங்களில் நிறுத்தி, கேட்டபடியே சொல்லிப் பார்க்கிறோம், எழுத்தில் இருப்பதுபோலப் பிரித்துப் பிரித்துச் சொல்லாமல். கடைசியாக மறுபடி எழுத்து இல்லாமல். முதலில் ஒரே சத்தமாக இருந்தது இப்போது சொல்லாகக் கேட்பதைப் பிள்ளைகள் தாங்களே உணர்கிறார்கள். "இப்ப கேக்குது டீச்சர்!" என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு பாடவேளைக்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

அடுத்த நாள் திரை இல்லை, விசாரணை மட்டும். பள்ளி மணி அடிக்கும் சுத்தியலைக் காணோம் என்று ஒரு கதை. ஒருவர் அதிகாரி, நால்வர் சாட்சிகள், அவர்களில் ஒருவர் எடுத்தவர். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில். "வேர் வேர் யூ அட் லெவன் ஓ கிளாக்?" இதில் எங்கே என்பதற்கான சொல்லும் இருந்தாய் என்பதற்கான சொல்லும் நம் உச்சரிப்பில் ஒன்றாகிவிடுகின்றன. காதால் பிரித்துக் கேட்ட பிறகுதான் வாயால் பிரித்துச் சொல்ல வருகிறது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையனை அதிகாரியாக்கினேன். முதல் சாட்சியிடம் மெதுவாகக் கேட்டான். மூன்றாவது சாட்சி ஒரு பொய் சொன்னதும், "நோ! யூ வேர் நாட் இன் தி கிளாஸ்!" என்று மேசையைத் தட்டினான். அந்த வாக்கியத்தை யாரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. உங்களுக்குத் திரைகூடத் தேவையில்லை. ஒரு சிறு ஆங்கிலக் கதையை நீங்களே உங்கள் கைப்பேசியில் பதிவு செய்து, வாரம் முழுவதும் அதையே கேட்க வைக்கலாம். கதையின் ஐந்து வாக்கியங்கள் அட்டையில் இருக்கட்டும். எந்த வாக்கியம் கேட்கிறதோ அந்த அட்டையைத் தூக்க வேண்டும். எழுத்தும் ஒலியும் அங்கே கைகோத்துவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒரே அளவில் உதவும் என்று சொல்ல மாட்டேன். எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைக்குத் திரையின் எழுத்து வேகமாக ஓடிவிடும். அவனுக்கு முதலில் அட்டைதான். எழுதும் திறனை இது வளர்க்காது, அதற்கு நாம் செய்யும் வேலை தொடர வேண்டும். மின்சாரம் போகும், கருவி வேலை செய்யாது. அந்த நாளில் விசாரணை விளையாட்டை முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆங்கிலத்தைத் தாண்டி ஒரு வேண்டுகோள். நம் பகுதியின் நூற்பாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதுக்கு நம் தமிழ் ஒரே சத்தம். புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று படிக்கிறார்கள், பக்கத்துப் பையன் "வந்துக்கிட்டிருக்கான்" என்கிறான். ஒரு சிறுவர் கதைக் காணொளி, கீழே தமிழ் எழுத்து, பக்கத்தில் ஒரு தோழன். இந்த மூன்றையும் ஏற்பாடு செய்ய நமக்கு யாருடைய ஆணையும் வேண்டாம். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். மதிய உணவு வேளையில் அவளோடு உட்கார்ந்து கதை பார்க்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள். கதையை நடுவில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன ஆகும் என்று அவளிடம் தமிழில் கேட்க வேண்டும், அவள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் அவர்களுக்கு வைத்திருக்கும் விதி.

உங்கள் பள்ளியில் பயன்பட்ட கதைகள், காட்சிகள் எவை என்று இன்று இங்கேயே ஒரு பட்டியல் போடலாம் என்று நினைக்கிறேன். எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடம், அதே மொழி எழுத்து உண்டா இல்லையா என்ற மூன்று குறிப்பு போதும். தேநீர் இடைவேளையில் என்னிடமுள்ள நோட்டில் ஆளுக்கு ஒன்று எழுதிவிட்டுப் போங்கள். படியெடுத்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடுகிறேன்.